முடிச்சவிழ்க்கியும் கேப்மாரியும்

சில நாட்களுக்கு முன்னர் சிதம்பரம் கீழவீதியில், பரங்கிப்பேட்டை அன்பர் ஒருவரின் துணிக்கடையில் அமர்ந்திருந்தோம். ஆறு வயதுப் பேரன் கல்லாப் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் நாணயமொன்றை எடுத்துக்கொண்டு ஓடினான். "அடே கேப்மாரி!" என்று பாட்டனார் சிரித்தவாறே கூவினார். கடையிலிருந்தோர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். இல்லம் திரும்பிய பின்னரே அச்சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நாம் எதற்காகச் சிரித்தோம்?

சிறு திருட்டைக் குறிக்கும் கொச்சைச் சொற்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவற்றுட் பல, திருடனின் கைவேலையை வைத்துப் பிறந்தவை. சட்டைப்பை வழக்கிற்கு வராத நாளில் நம் நாட்டு ஆடவர் மடியிலும், மகளிர் முந்தானையிலும் காசை முடிந்து வைத்தனர். அம்முடிச்சை உடையவர் அறியாமல் அவிழ்ப்பவன் முடிச்சவிழ்க்கி. அவனையே முடிச்சுமாறி என்றும் அழைத்தனர்.

ஆங்கிலேயரின் பழைய கொச்சை வழக்கும் இத்தகையதே. ராபர்ட் கிரீன் என்பார் 1591, 1592 ஆகிய ஆண்டுகளில் லண்டன் நகரத்து எத்தர்களைப் பற்றிச் சிறுநூல்கள் சில எழுதினார். கத்தியால் பணப்பையை அறுப்பவனுக்கு 'நிப்' என்றும், விரலாலேயே எடுப்பவனுக்கு 'ஃபாய்ஸ்ட்' என்றும் அக்காலத்தில் பெயர் என்று அவர் விளக்குகிறார். விரல்காரன் கத்திக்காரனைத் தன்னினும் தாழ்ந்தவனாகக் கருதுவானாம்! திருட்டிலும் மேல் கீழ் பார்த்தனர் போலும்.

அரபு மொழியில் இவனுக்குத் 'தர்ரார்' என்று பெயர். அறுத்தல், கிழித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் இது. அரபியர் தம் அகன்ற சட்டைக்கையில் பணத்தை முடிந்து வைத்தனர். ஹிஜ்ரி 593-இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் தமது 'ஹிதாயா'வில் இவனைப் பற்றி நுட்பமாக ஆராய்கிறார்கள். சட்டைக்கைக்கு வெளியே தொங்கும் பணமுடிப்பை அறுத்தவனுக்குக் கையை வெட்டும் தண்டனை இல்லை. உள்ளே விரலை நுழைத்து அறுத்தவனுக்கு உண்டு. முன்னவன் பாதுகாப்பான இடத்தினுள் புகவில்லை என்பதே காரணம். அறுக்காமல் முடிச்சை அவிழ்த்திருந்தாலோ தீர்ப்புத் தலைகீழாகும். வெளியிலுள்ள முடிச்சை அவிழ்த்தால் காசு சட்டைக்கையினுள் விழும். அதை எடுக்க உள்ளே புகுந்தாக வேண்டுமல்லவா? இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ இவ்வேறுபாட்டை ஏற்கவில்லை.

மதரஸாவில் இப்பாடத்தை ஓதிய நாளில் இஃது ஏதோ வாதத்துக்காக வாதம் என்றே நமக்குத் தோன்றியது. இன்று அதன் பெருமை விளங்குகிறது. முடிச்சு எங்கே இருந்தது, விரல் எதுவரை சென்றது என்று அவ்வளவு துருவிக் கேட்ட அறிஞர், அவன் எக்குலத்தில் பிறந்தான் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. தர்ரார், நிப், முடிச்சவிழ்க்கி ஆகிய மூன்று சொற்களும் ஒரு செயலுக்கு இட்ட பெயர்கள். செயலை விட்டவனிடமிருந்து பெயரும் விலகிவிடும்.

கேப்மாரி அவ்வகைச் சொல் அன்று; அது ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர். 1892-இல் முல்லாலி என்னும் போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்பார்' பற்றி எழுதிய நூலில் இவர்கள் இடம்பெற்றனர். தலையணியை அடிக்கடி மாற்றுவோர் என்பதே இப்பெயரின் பொருளென அக்கால அதிகாரிகள் விளக்கம் எழுதினர். விளக்கம் எதுவாயினும் ஆகட்டும். விளைவு என்னவெனில், அக்கூட்டத்தில் பிறந்த கைக்குழந்தையும் திருடனாயிற்று.

ஏட்டில் எழுதியது பின்னர்ச் சட்டத்திலும் ஏறியது. 1871-இல் வடநாட்டில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்தையும் பற்றியது. பட்டியலில் ஏறியவர்கள் கைரேகை வைக்க வேண்டும். காவல் நிலையத்தில் தலைகாட்ட வேண்டும். வெளியூர் செல்ல அனுமதி பெற வேண்டும். நமது பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, இத்தகையோரைக் குடியமர்த்திக் கண்காணிக்க அஜீஸ் நகர் என்னும் குடியேற்றம் ஏற்பட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர் பலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் இச்சட்டம் நீங்கியது.

இச்சட்டம் இயற்றியோர் நம் பகுதிக்கு வந்த வரலாற்றையும் சற்று நோக்குவோம். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1690-இல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவே எல்லை என்பது பேச்சு. நெடுந்தொலைவு சுடவல்ல பீரங்கியைச் சென்னையிலிருந்து தருவித்துச் சுட்டனர். அவ்வெல்லைக்குள் அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரில் அந்நினைவு இன்றும் வாழ்கிறது.

1756-இல் அக்கோட்டையின் ஆளுநராக வந்த ராபர்ட் கிளைவ், மறு ஆண்டு பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தில் பெற்ற செல்வம் இரண்டு லட்சம் பவுனுக்கும் அதிகம். அது குறித்து இங்கிலாந்துப் பாராளுமன்றம் விசாரித்தது. முடிவில், 1773-இல், நாட்டுக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது என்று தீர்மானித்தது. அதே இங்கிலாந்தில், பிறர் பையிலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு மேல் களவாடியவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் 1565 முதல் 1808 வரை இருந்தது! கொள்ளையைக் குறிக்க ஆங்கிலேயர் இன்று வழங்கும் 'லூட்' என்னும் சொல்லும் இந்துஸ்தானியிலிருந்து அவர்கள் எடுத்துச் சென்றதே. சொல்லையும் விட்டுவைத்தார்களில்லை.

இவ்விடத்தில் நம் உள்ளம் மதீனாவுக்குச் செல்கிறது. மக்ஸூம் குலத்துப் பெண்ணொருத்தி திருடியபோது, உயர்குடியினள் என்பதற்காக உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துபேச அனுப்பினர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சினந்தார்கள். மேலோர் திருடினால் விட்டுவிட்டு, எளியோர் திருடினால் தண்டித்ததாலேயே முன்னைய சமூகங்கள் அழிந்தன என்று எச்சரித்தார்கள். தம் அருமை மகளார் ஃபாத்திமாவே திருடினாலும் தண்டனை மாறாது என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. குலம் குற்றத்தைக் குறைக்காது என்பது அதன் வெளிப்படைப் பொருள். குலம் குற்றத்தைக் கூட்டவும் ஆகாது என்பது அதனுள் அடங்கிய பொருளன்றோ?

மறுநாள் கடைக்காரரிடம் இவற்றையெல்லாம் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஹஜ்ரத், என் வாப்பாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது மனிதர்களுடைய பெயர் என்று இன்றுதான் தெரிகிறது" என்றார்.

தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் அப்பெயர் இன்றும் இருக்கிறது. அப்பெயரெழுதிய சான்றிதழைக் கையில் ஏந்திப் பள்ளிக்கு வரும் பிள்ளையும் இருப்பான். நம் பிள்ளைகள் அவனருகே அமர்ந்து, விளையாட்டாக அச்சொல்லைக் கூவினால் அவன் நெஞ்சம் என்ன பாடுபடும்? பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் அழைக்காதீர்கள் என்று 'ஹுஜுராத்' அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுத்திருக்க, அறியாமல் சொன்னோம் என்னும் சமாதானம் இனி நமக்கில்லை. காசெடுத்து ஓடும் பேரனைக் கண்டிக்க, "திருடாதே" என்னும் நல்ல தமிழ்ச்சொல் ஒன்றே போதும். நம் நாவுகளை அல்லாஹ் காத்தருள்வானாக.