புளியமுத்து கற்பித்த கணக்கு

ஆழ்வார்திருநகரி என்றதும் நம்மாழ்வாரோடு தொடர்புடைய கோயிற் புளியமரம் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் தாமிரவருணிக் கரையில் சாலையோரம் நிற்கும் சாதாரணப் புளியமரங்களுக்கும் ஒரு பெருமை உண்டு. அவற்றின் கொட்டைகளே தலைமுறை தலைமுறையாக நம் குழந்தைகளுக்கு எண்களைக் கற்பித்து வந்தன. நெல்லைச் சீமையில் அதற்குப் 'புளியமுத்து' என்று பெயர்.

பள்ளிக்கூடம் கற்பிக்கவில்லையா என்று கேட்பீர்கள். திண்ணைப் பள்ளியில் ஐந்து வயதுச் சிறுவன் விரலால் மணலில் எண்களை எழுதினான். பிறகு எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தான். 1/320 ஆகிய முந்திரி வரையில் பின்னங்கள் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். மணலில் எழுதும் இம்முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டு அதைப் பரப்பினார்.

ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? 1822இல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களுள் பெண்கள் 4,540 பேரே!

திண்ணை ஏறாத சிறுமிகள் வீட்டில் பல்லாங்குழி ஆடினார்கள். 14 குழிகள், குழிக்கு 5 முத்து, ஆக 70. குழிக்கு ஒன்றாகப் போட்டு வரும்போது ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் கைக்குப் பழகுகிறது. வெறுங்குழி பூச்சியத்தைக் காட்டுகிறது. நான்கு முத்து சேர்ந்தால் 'பசு'. எண்ணாமலே நான்கை அறியக் கண் பழகுகிறது. 'ஒற்றையா, இரட்டையா' ஆட்டத்தில் முத்துக்களை இரண்டிரண்டாகப் பிரித்து, மிச்சம் உண்டா என்று பார்க்கிறார்கள். இது கணக்கல்லாமல் வேறென்ன? எந்தக் கணக்கெடுப்பும் இதைக் கல்வி என்று குறிக்கவில்லை.

முதலில் கை, பிறகு குறியீடு என்பதே மரியா மாண்டிசோரி அம்மையாரின் கொள்கை. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து, இக்கொள்கையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், அங்கன்வாடியில் சிறுவரும் சிறுமியரும் ஒன்றாகவே உட்காருகிறார்கள். திண்ணையும் வீடும் பிரித்து வைத்ததை ஒன்றுசேர்க்க இதைவிட நல்ல இடம் ஏது?

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். நான்கு வயதுத் தம்பி அல்லது தங்கையின் முன் ஆறு ஆறு முத்துக்களாக இரண்டு வரிசை வையுங்கள். ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பி, "எதில் அதிகம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அகன்ற வரிசையையே குழந்தை காட்டும். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே ஆராய்ந்து கூறிய உண்மை இது. திருத்தாதீர்கள், அடிக்காதீர்கள். முத்தை வாயிலோ மூக்கிலோ போடாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, கூடவே உட்கார்ந்து விளையாடுங்கள். பரப்பினாலும் ஆறு ஆறுதான் என்பதை ஒரு நாள் அந்தக் குழந்தையே உங்களுக்குச் சொல்லும்.