துருவைத் தடுக்கும் துரு

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பார்த்த பலருக்கும், "இதையெல்லாம் தேய்த்துப் பளபளவென்று வைக்கக் கூடாதா?" என்று தோன்றியிருக்கும். கூடாது நண்பர்களே! காரணம் துப்பாக்கியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் கம்பெனிப் படைகளின் துப்பாக்கிக் குழல் வெறும் இரும்பு. செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பார்கள். துருவோடு குழலும் தேய்ந்தது.

19-ஆம் நூற்றாண்டில் வேறு வழி பரவியது. வேண்டுமென்றே மெல்லிய துரு ஏற்றி, கொதிநீரில் வைத்தால் செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். கம்பித் தூரிகையால் தேய்த்து, இதையே பலமுறை செய்து, எண்ணெய் பூசினால் கருநீல மினுமினுப்பு வரும். ஆங்கிலத்தில் 'புளூயிங்'. அதாவது துருவைத் தடுப்பதே ஒருவகைத் துருதான்!

ஆனால் இது மிக மெல்லிய படலம். எண்ணெய் காய்ந்தால், கடற்காற்றிலும் விரல் வியர்வையிலும் உள்ள உப்பு உள்ளே புகுந்து குழி பறிக்கும். மேல்துருவை எண்ணெயில் ஊறவைத்து மெதுவாக எடுக்கலாம். வினிகர் போட்டால் நீலமும் போய்விடும். குழி மறைய வேண்டுமென்றால் சுற்றியுள்ள இரும்பை ராவ வேண்டும். செய்தவர் முத்திரையும் எண்ணும் அதோடு போய்விடும்.

1930-இல் எழும்பூரில் பரமசிவன் தொடங்கிய வேதியியல் கூடம், உப்பு அரித்த வெண்கலச் சிலைகளைச் சுரண்டாமல் மின்னாற்பகுப்பால் காப்பாற்றியது. துப்பாக்கிக்கும் பாடம் அதுதான்: அரிப்பை நிறுத்து, குழியை விட்டுவிடு. குழியும் வரலாறுதான், முத்திரை போனால் திரும்ப வராது.