நோயாளியின் ஏடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றிலே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மினசோட்டா மாநிலத்திலுள்ள றொச்செஸ்டர் என்னுஞ் சிறுநகரம், மேயோ குடும்பத்து வைத்தியர்களாற் பெரும் பெயர் பெற்றிருந்தது. தந்தையும் மைந்தர் இருவரும் சத்திரசிகிச்சையில் வல்லவர்கள். நாட்டின் பல திசைகளிலுமிருந்து நோயாளர் புகைவண்டியேறி அவர்களை நாடி வந்தனர். ஆயினும், வந்தவர்களைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளோ சீரற்றுக் கிடந்தன. வைத்தியர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனத் தடித்த பேரேடொன்றை வைத்துக்கொண்டு, நோயாளர் வந்த திகதியின் ஒழுங்கிலே எழுதிச் சென்றனர். வயிற்று நோய்க்காக ஓராண்டிலும், கண்ணோய்க்காக வேறோராண்டிலும் வந்த ஒருவரின் வரலாறு, இருவேறு வைத்தியரின் இருவேறு பேரேடுகளிற் சிதறிக் கிடக்கும். ஒருவர் கொடுத்த மருந்து மற்றவருக்குத் தெரிய வேண்டுமாயின், பேரேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் ஆகவேண்டும்.

இந்த அவலத்தைக் கண்டு பொறாதவர் ஹென்றி பிளம்மர். 1901ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த இவ்வைத்தியர், தைரொயிட்டுச் சுரப்பி நோய்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர். ஆயினும், அவருடைய பெயரை நிலைநிறுத்தியவற்றுள் ஒரு காகித உறையும் அடங்கும் என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். 1907ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவர் ஒரு புதிய முறையைத் தொடக்கினார். வருகின்ற நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்துக்கு ஓர் உறை. எந்த வைத்தியர் பார்த்தாலும், எத்தனை ஆண்டு கழித்துப் பார்த்தாலும், எழுதிய குறிப்பும் பரிசோதனை முடிவும் அவ்வுறைக்குள்ளேயே சேரவேண்டும். மேபெல் றூட் என்னும் அம்மையார் அவருடன் நின்று அம்முறையைப் பேணி வளர்த்தார். 1914ஆம் ஆண்டிலே புதிய கட்டடம் எழுந்தபோது, உறைகள் மாடிக்கு மாடி விரைந்து செல்வதற்கான பொறிகளும் குழாய்களும் அதனுள்ளே அமைக்கப்பெற்றன. நோயாளி படியேறி வைத்தியரின் அறையை அடையுமுன், அவருடைய வரலாறு அங்கே சென்று காத்திருக்கும்.

நோயாளியைப் பற்றி எழுதிவைத்தல் புதிதன்று. கிரேக்க நாட்டில் ஹிப்பொக்கிரற்றீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் 42 நோயாளரின் வரலாறுகள் நாள்வாரியாகக் கூறப்பட்டுள்ளன. அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பதையும் அதனை எழுதிய வைத்தியர் மறைக்கவில்லை. ஆனால் அன்றைய கிரேக்கச் சுவடியும் சரி, பிளம்மரின் உறையும் சரி, வைத்தியர் படிப்பதற்காகவே எழுதப்பட்டவை. நோயாளி அவற்றைக் கண்ணாற் காண்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், அமெரிக்க மருந்துக்கடையில் வாங்கும் குப்பியிலே மருந்தின் பெயரைப் பொறிப்பதுகூடப் பெரும்பாலும் வழக்கமாயிருக்கவில்லை. உண்பவனுக்கு உண்ணும் நேரந் தெரிந்தாற் போதும் என்பது அக்காலத்துக் கொள்கை. இலங்கையின் அரசினர் வைத்தியசாலைகளிலே, கிளினிக்குக்குச் செல்லும் நோயாளர் தங்கள் கொப்பியைத் தாங்களே கொண்டுசென்று தாங்களே பேணும் வழக்கம் இதற்கு முற்றும் மாறானது. அதன் அருமையை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

1968ஆம் ஆண்டிலே லோறன்ஸ் வீட் என்னும் அமெரிக்க வைத்தியர் எழுதிய கட்டுரையொன்று இக்கொள்கையை அசைத்தது. நோயாளியின் ஏட்டின் முகப்பிலேயே அவருடைய பிரச்சினைகள் யாவும் நிரைப்படுத்தப்படல் வேண்டும்; நோயாளி சொன்னதையும், வைத்தியர் கண்டதையும், கருதியதையும், செய்ய நினைப்பதையும் பிரித்தெழுதல் வேண்டும் என்றார் அவர். கணினியின் துணையையும் அவர் அந்நாளிலேயே நாடினார். 1973இல் வேறிருவர், ஏட்டின் பிரதியொன்றை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடலாம் என மருத்துவச் சஞ்சிகையொன்றில் முன்மொழிந்தனர். அது உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை.

ஏடு இல்லாதவன் படும் பாட்டினை உலகுக்குக் காட்டியது ஒரு புயல். 2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதி கத்றீனா என்னுஞ் சூறாவளி வீசியதும், நியூ ஓர்லியன்ஸ் நகரின் வெள்ளத் தடுப்பணைகள் உடைந்தன. வைத்தியசாலைகளிலும் தனி வைத்தியரின் அறைகளிலும் இருந்த காகித ஏடுகள் பெருந்தொகையாக நீரில் ஊறி அழிந்தன. உடுத்த உடையோடு வெளியேறியவர்கள் அயல் மாநிலங்களின் அகதி முகாம்களை அடைந்தனர். நீரிழிவுக்காரர் இருந்தனர், இருதய நோயினர் இருந்தனர், புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவில் இருந்தவர்களும் இருந்தனர். என்ன மருந்து உண்கிறீர்கள் என்று வினவினால், வெள்ளை நிறச் சிறு குளிகை என்று சொல்வதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? வெள்ளை நிறக் குளிகைகள் எத்தனையோ உள்ளன. அவற்றுள் ஒன்றை மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு சாரார் மட்டும் இத்துன்பத்திலிருந்து பெரிதுந் தப்பினர். அவர்கள் முன்னாட் படைவீரர். அவர்களுக்கான வைத்தியசாலைகள், 1970களின் பிற்பகுதியில் ஒருசிலரின் விடாமுயற்சியாலே தொடங்கிய கணினி ஏட்டு முறையைக் கையாண்டு வந்தன. நியூ ஓர்லியன்ஸிலிருந்த அவர்களது வைத்தியசாலை மூடப்பட்டது. ஆனால் அங்கிருந்து எடுத்துச்செல்லப்பட்ட காந்த நாடாக்கள் ஹியூஸ்டன் நகரை அடைந்தன. சில நாட்களுக்குள், எந்த ஊரில் ஒதுங்கிய படைவீரருக்கும் அவருண்ட மருந்து எதுவென்று அவ்வூர் வைத்தியர் அறியக்கூடியதாயிற்று. ஏனையோருக்காக, மருந்துக்கடைகளின் விற்பனைக் கணக்குகளைத் திரட்டி, வைத்தியர்கள் பார்க்கக்கூடிய இணையத்தளமொன்று செப்டெம்பர் மாதத்திலே அவசரமாக அமைக்கப்பட்டது. இதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. அந்தரங்கங் காக்கும் சட்டங்களின் பொருட்டு, மனநோய் போன்றவற்றுக்கான மருந்துகள் அதிற் காட்டப்படவில்லை. காப்பதற்கென ஆக்கிய சட்டமே, வேண்டிய வேளையில் வைத்தியரின் கண்ணை மறைத்தது.

அதன்பின், அவரவர் ஏட்டை அவரவரே இணையத்திற் பேணுதற்கு வழிசெய்யப் பெரும் நிறுவனங்கள் முன்வந்தன. மைக்ரோசொவ்ற் 2007இலும், கூகிள் 2008இலும் இதற்கான சேவைகளைத் தொடங்கின. 2009ஆம் ஆண்டிலே, புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவர் தம் ஏட்டை வைத்தியசாலையிலிருந்து இவ்வாறு மாற்றிப் பார்த்தபோது திடுக்கிட்டார். தமக்கு ஒருபோதும் வராத நோய்களெல்லாம் அதிற் குறிக்கப்பட்டிருந்தன. வைத்தியர் எழுதிய குறிப்புக்குப் பதிலாக, காப்புறுதிப் பணம் பெறுதற்கு எழுதிய குறியீடுகளே வந்து சேர்ந்திருந்தமைதான் காரணம். நோயாளி பார்த்ததனாலன்றோ பிழை வெளிப்பட்டது! கூகிளின் சேவை 2012ஆம் ஆண்டின் முதல் நாளிலும், மைக்ரோசொவ்ற்றின் சேவை 2019 நவம்பரிலும் நிறுத்தப்பட்டன. ஏட்டை ஒப்படைத்தவர்கள் வேறிடந் தேடவேண்டியவராயினர்.

வைத்தியர்களிடையே நிகழ்ந்த பரிசோதனையொன்று இவற்றினும் பயன்மிக்கது. 2010ஆம் ஆண்டு தொடக்கம், பொஸ்டன், சியாற்றில் ஆகிய நகரங்களிலும் பென்சில்வேனியா மாநிலத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட வைத்தியர்கள், தாம் எழுதிய குறிப்பை நோயாளர் இணையத்திற் படிக்க இசைந்தனர். நோயாளர் அஞ்சுவர், குழம்புவர், கேள்விகளால் நச்சரிப்பர் என்றெல்லாம் முன்னர் பேசப்பட்டது. ஓராண்டு கழிந்தது. அஞ்சியவாறு பெருந் தொல்லை எதுவும் நேரவில்லை. 2012இல் வெளிவந்த முடிவின்படி, மருந்துண்போரில் நூற்றுக்கு 60 முதல் 78 வரையிலானோர், முன்னிலும் ஒழுங்காக மருந்தெடுப்பதாகத் தெரிவித்தனர். தாம் திறந்த ஏட்டை மூடிவிட விரும்பிய வைத்தியர் ஒருவருமிலர்.

2016இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின் வழியே, 2021 ஏப்ரில் முதல், குறிப்புகளையும் பரிசோதனை முடிவுகளையும் நோயாளருக்குத் தடையின்றிக் காட்டுதல் அமெரிக்காவிற் கடமையாயிற்று. அதனால் ஒரு புதிய வினாவும் பிறந்தது. புற்றுநோய் உண்டென்னும் முடிவு, வைத்தியர் வாய்திறந்து சொல்லுமுன்னரே, இரவு வேளையிலே நோயாளியின் கைத்தொலைபேசியை எட்டிவிடுகிறது. கென்ரக்கி மாநிலம் இத்தகைய முடிவுகளை 72 மணித்தியாலம் வரை தாமதித்துக் காட்டச் சட்டமியற்றியது. காத்திருக்க மனமில்லை, உடனே அறிவதே மேல் எனக் கூறும் நோயாளரும் அங்கே பலர் உளர்.