பத்து ரூபா வைக்கோல்

எங்க ஊரு மன்னார்குடி பக்கம். போகி அன்னிக்கு விடியக்காலைல வாசல்ல பழைய பாயைப் போட்டுக் கொளுத்தினப்போ, "காத்து பாத்துப் போடுடா"ன்னு அப்பா மூணு தடவை சொன்னார். ஒரு பாய்க்கு இவ்ளோ பயமான்னு கேட்டேன். அப்பதான் இந்தக் கதை வந்துச்சு.

1978 கோடை. அப்பா எட்டாவது முடிச்சிருந்த நேரம். கொல்லையில தாத்தா போட்டு வெச்சிருந்த வைக்கோல் போர் ராத்திரியோட ராத்திரியா எரிஞ்சு போச்சு. வாய்க்கால் தண்ணித் தகராறு, யார் வெச்சதுன்னு ஊருக்கே தெரியும். தாத்தா ஸ்டேஷனுக்குப் போயிருக்கார். "வைக்கோலுக்கெல்லாமா கேசு, போங்க பெரியவரே"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆடி மாசம் வர்றதுக்குள்ள ரெண்டு மாட்டையும் வித்தாச்சு.

ஊர்லேருந்து திரும்பி வந்து, ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு நாள், இதுக்கு உண்மையிலேயே சட்டம் இருந்துச்சான்னு தேடிப் பாத்தேன். இருந்துச்சு. இந்திய தண்டனைச் சட்டம், 435-ஆவது பிரிவு.

சாதாரணமா அடுத்தவன் பொருளைச் சேதப்படுத்தினா மூணு மாசம் வரை ஜெயில். சேதம் ஐம்பது ரூபாயைத் தாண்டினா ரெண்டு வருஷம் வரை. இந்த ரெண்டுலயும் கோர்ட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாது. ஆனா சேதத்தைச் செஞ்சது தீயா இருந்து, மதிப்பு நூறு ரூபாய்க்கு மேல போனா கணக்கே வேற. ஏழு வருஷம் வரை உள்ள இருக்கலாம், போலீஸ் நேரா கேஸ் எடுக்கலாம். அந்த வரியிலேயே, நாங்க கோடுல எழுதுற 'இஃப்' மாதிரி, நடுவுல ஒரு அடைப்பு. எரிஞ்சது விளைபொருளா இருந்தா நூறு வேண்டாம், பத்து ரூபாயே போதும்!

1860-ல சட்டம் போட்டப்போ இந்தப் பத்து ரூபா கிடையாது. 1882-ல ஒரு திருத்தத்துல சேத்தாங்க. ஏன்னு யோசிச்சா எனக்குத் தோணுறது இதுதான். ஏழைக் குடியானவன் வீட்டுப் போரை விலை போட்டா நூறு ரூபா தேறாது. ஆனா அதுதான் அவன் மாட்டுக்கு வருஷத் தீனி.

சட்டம் எழுதினவங்க ஊர்லயும் வைக்கோல் போர் பெரிய விஷயம்தான். முதல் வரைவை 1837-ல முடிச்சது மெக்காலே தலைமையில இருந்த குழு. (மனுஷன் 1834-ல கப்பல்ல வந்து இறங்கினது நம்ம மெட்ராஸ்ல. அங்கேருந்து ஆளுங்க தோள்ல ஏறி ஊட்டி போனார். அது தனிக் கதை.) அவர் இங்கிலாந்துல பார்லிமெண்ட்டுக்குள்ள நுழைஞ்ச வருஷம் 1830. அதே வருஷம் ஆகஸ்ட்ல கெண்ட் பகுதியில விவசாயக் கூலிங்க கதிரடிக்கிற மெஷினை உடைக்க ஆரம்பிச்சாங்க. குளிர்காலத்துல அவங்களுக்கு இருந்த ஒரே வேலை களத்துல கதிர் அடிக்கிறது. மெஷின் வந்து அதையும் புடுங்கிக்கிச்சு. 'கேப்டன் ஸ்விங்'னு கையெழுத்துப் போட்டு பண்ணையார்களுக்கு மிரட்டல் கடிதம் போச்சு. அப்படி ஒரு ஆளே கிடையாது! கூடவே ராத்திரியில போர் போரா எரிஞ்சுது. தீக்குச்சி கடைக்கு வந்து மூணு நாலு வருஷம்தான் ஆகியிருந்துச்சு, அதுவும் சேந்துக்கிச்சு.

அந்த நாட்டுல தானியப் போர், வைக்கோல் போர் கொளுத்தினா தூக்குன்னு 1723-லேயே சட்டம். 1830-லயும் தண்டனை அதேதான். கலவரம் அடங்கினதும் ரெண்டாயிரம் பேர் கிட்ட கோர்ட்ல நிறுத்தினாங்க. 252 பேருக்கு மரண தண்டனை சொல்லி, கடைசியில தூக்குல போட்டது 19 பேரை. அதுல பெரும்பாலானவங்க தீ வெச்சதுக்காகப் போனவங்க. ஐநூறு பேருக்கு மேல ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தல் தண்டனை. ஒரு போருக்கு ஒரு உசுரு. ஸ்டேஷன்லேருந்து எங்க தாத்தாவைத் திருப்பி அனுப்பின ஏட்டையா இதைக் கேட்டா சிரிச்சிருப்பார்.

இப்ப பஞ்சாபுக்கு வாங்க. அங்க கொளுத்துறது அடுத்தவன் இல்ல, வயலுக்குச் சொந்தக்காரனே. நிலத்தடி நீரை மிச்சம் பண்ண 2009-ல ஒரு சட்டம் போட்டாங்க, ஜூன் 10-க்கு முன்னாடி நாத்து நடக்கூடாதுன்னு. நல்ல எண்ணம்தான். ஆனா நடவு தள்ளிப்போனா அறுப்பும் தள்ளிப்போகுமே. கோதுமை விதைக்க ரெண்டு மூணு வாரம்தான் மிஞ்சுது. அறுவடை மெஷின் நெல்லை எடுத்துக்கிட்டு தாளை வயல்லயே விட்டுட்டுப் போகுது. அங்க மாடு தின்னுறது கோதுமை வைக்கோல், நெல்லு வைக்கோலைச் சீண்ட ஆளில்ல. அப்புறம் என்ன, தீக்குச்சிதான்.

2015-ல பசுமைத் தீர்ப்பாயம் அந்தப் பக்கத்து மாநிலங்கள்ல இதுக்கு அபராதம் போட்டுச்சு. ரெண்டு ஏக்கருக்குக் கீழ இருந்தா 2,500, அஞ்சு ஏக்கர் வரைக்கும் 5,000, அதுக்கு மேல 15,000. 2024-ல மத்திய அரசு எல்லாத்தையும் ரெட்டிப்பாக்குச்சு. ஒரு காலத்துல அடுத்தவன் வைக்கோலைத் தொட்டா தூக்கு, இப்ப சொந்த வைக்கோலை ஒழிச்சுக் கட்டினா அபராதம். ரெண்டு இடத்துலயும் நடுவுல ஒரு மெஷின் நிக்குது பாருங்க. தில்லிக்காரங்க பஞ்சாப் விவசாயியை வில்லனா பேசுறப்போ எனக்கு எரிச்சலா வர்றது இதனாலதான். புகை நிஜம், மறுக்கல. ஆனா அந்த ரெண்டு வார நெருக்கடியை அவன் மட்டும் உண்டாக்கல.

அந்த 435-உம் இப்ப இல்ல. 2024 ஜூலை 1-லேருந்து புதுச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா. அதுல 326-ஆவது பிரிவுக்குள்ள போயிடுச்சு. ஏழு வருஷம் அப்படியே இருக்கு. நூறு, பத்துங்கிற கணக்கை எடுத்துட்டு, விளைபொருள் உட்பட எந்தச் சொத்தா இருந்தாலும்னு பொதுவா எழுதிட்டாங்க. கோடு சுத்தமாயிடுச்சு, வாஸ்தவம்தான். எனக்கென்னவோ அந்தப் பத்து ரூபா மேல ஒரு பாசம்.

எங்க ஊர்லயும் இப்ப மெஷின் அறுப்புதான். வீட்ல மாடு இல்ல. வைக்கோலை ஒரு ஆள் வந்து உருளை உருளையா கட்டி எடுத்துட்டுப் போறார். போர் போடத் தெரிஞ்சவங்களே ஊர்ல ரெண்டு பேர்தான் மிச்சம்.

போன வாரம் அப்பாவுக்கு போன் பண்ணி இந்தப் பிரிவைப் பத்திச் சொன்னேன். "ஏழு வருஷமா?"ன்னு கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசல.

அப்புறம் சொன்னார். "நம்ம வயலுக்கு வர்ற அறுவடை மெஷினை ஓட்டுறது அவரு பேரன்தான்டா. நல்ல பையன்."