தொலைவு வில்வித்தையும் பழைய விற்கருவிச் சேகரிப்பும்

தொலைவு வில்வித்தை என்பது இலக்கு எதையும் வைக்காமல், அம்பு எவ்வளவு தூரம் போகிறது என்பதை மட்டும் அளக்கும் வில்விளையாட்டு. அதன் வரலாறு ஏடுகளில் உள்ளதைவிடப் பழைய வில்லிலும் அம்பிலும் நாணை இழுக்கப் பயன்படும் பெருவிரல் மோதிரத்திலும்தான் அதிகம் தங்கியிருக்கிறது. அதனால் இத்துறையில் சேகரிப்பாளரே பல வேளைகளில் வரலாற்றாசிரியராகவும் இருந்திருக்கிறார்.

இக்கலையை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர்கள் உதுமானியத் துருக்கியர். 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளைக் கைப்பற்றிய பின், ஒக்மெய்தான் என்ற திறந்தவெளியை அம்பெய்வதற்கென்றே ஒதுக்கினார்கள். சாதனை அம்பு விழுந்த இடத்தில் எய்தவர் பெயர் பொறித்த கல் நட்டார்கள். அக்கற்களில் சில இஸ்தான்புல் நகரின் கட்டடங்களுக்கிடையே இன்றும் நிற்கின்றன. சுல்தான் மூன்றாம் செலிம் 1798இல் 889 மீட்டர் எய்ததாகப் பதிவு உண்டு.

அந்தத் துருக்கி வில் ஒரு கூட்டுவில். நடுவே மரம், எய்பவரைப் பார்த்த பக்கத்தில் எருமைக்கொம்பு, மறுபக்கத்தில் விலங்கின் தசைநார். வில்லை வளைக்கும்போது கொம்பு அமுக்கத்தையும் நார் இழுவையையும் தாங்கும். ஒட்டிய பசை உலர்ந்து இறுகவே பல மாதம் பிடிக்கும். நாணைக் கழற்றினால் வில் எதிர்ப்புறமாகச் சுருண்டுகொள்ளும். தொலைவுக்கான அம்பு நடுவில் பருத்து இருமுனையும் மெலிந்திருக்கும். இறகும் மிகச் சிறியது. அத்தனையும் காற்றின் தடையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு.

1790களில் லண்டனிலிருந்த துருக்கித் தூதரகச் செயலாளர் மஹ்மூத் எஃபெந்தி 482 யார், அதாவது சுமார் 441 மீட்டர், எய்து காட்டியபோது ஆங்கிலேய வில்லாளிகள் திகைத்துப்போனார்கள். அந்த வியப்பிலிருந்துதான் மேற்கில் பழைய துருக்கி வில்களைத் தேடும் ஆர்வம் வளர்ந்தது. ரால்ஃப் பேன்-கால்வே பழைய வில்களை ஆராய்ந்து எழுதியதோடு நிற்காமல், 1905இல் பிரான்ஸின் லெ துக்கேயில் துருக்கி வில்லால் 367 யார் எய்தார். அதே இடத்தில் 1914இல் இங்கோ சைமன் 462 யாரை எட்டினார். சைமன் உலகின் பல பகுதிகளிலிருந்தும் சேர்த்த வில்களும் அம்புகளும் 1946இல் மன்செஸ்டர் நூதனசாலைக்குப் போயின. எய்தவரே சேகரித்தவராகவும் இருந்ததுதான் அத்தொகுப்பின் தனிப்பெருமை. நவீனப் பொருள்களால் செய்த கைவில்லால் டொன் பிரவுன் 1987இல் அமெரிக்காவின் நெவாடாவில் எய்த தூரம் 1,222 மீட்டர்.

இலங்கையின் பழைய வில் வேறு வகை. அது வேடர்களின் வேட்டை வில். அம்பு முனை தேவைப்பட்டால், அதன் வடிவில் வெட்டிய இலையையும் இறைச்சியையும் கொல்லன் பட்டறையருகே இரவில் வைத்துவிட்டு வேடர் மறைந்துவிடுவர் என்று 1681இல் வெளிவந்த நூலில் ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ் எழுதுகிறார். 1848 முதல் நுவரெலியாவில் குடியிருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் தந்த விவரம் இன்னும் துல்லியமானது: வில் ஆறடி, நாண் முறுக்கிய மரப்பட்டை நார், அம்பு மூன்றடி, அதில் ஏழு அங்குலம் தட்டையான இரும்பு அலகு, வாலில் மயிலிறகு. இவ்வளவு கனமான அலகோடு அம்பு நெடுந்தூரம் போகாது. விலங்கை நெருங்கி எய்வதற்கென்றே செய்த கருவி அது. அதைத் துருக்கி வில்லோடு ஒப்பிட்டுக் குறைத்துப் பேசுவது தவறு. மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூல் வேடர் வாழ்க்கையோடு இக்கருவிகளையும் விரிவாகப் பதிந்திருக்கிறது.

மலையகத் தோட்டங்களில் வில் கூத்துக்களத்தில் வாழ்கிறது. காமன் கூத்தில் மன்மதன் ஏந்தும் கரும்பு வில்லும், அர்ச்சுனன் தபசில் வரும் வில்லும் லயத்து மக்கள் கையாலேயே செய்தவை. கூத்து முடிந்ததும் கவனிப்பாரின்றிப் போகும் அந்த வில்களும் சேகரிப்புக்கு உரியவையே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கருவியைப் பேணும் பழக்கம் இப்பகுதிக்குப் புதிதல்ல. கந்தப்பளை ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானபோது அதன் பழைய இயந்திரங்களையும் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

தொலைவு வில்வித்தைக்கு உயரமான இடம் உதவும்; அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அம்பு கூடுதலாகப் போகும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்த வசதி இங்கும் உண்டு. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆளரவமற்ற சமவெளி வேண்டும்; கொழுந்து பறிப்போர் நிறைந்த தேயிலைச் சரிவில் இதை ஒருபோதும் முயலக்கூடாது. சேகரிப்பாளருக்கோ இங்குள்ள பனிமூட்டம்தான் எதிரி. ஈரத்தில் பசை இளகும், நார் பிரியும், இரும்பு அலகு துருப்பிடிக்கும்.

பழைய வில் கையில் கிடைத்தால் நாணேற்றிப் பார்க்க வேண்டாம். உலர்ந்த மரமும் கொம்பும் ஒரே இழுப்பில் முறிந்துவிடும். வார்னிஷ் பூச வேண்டாம். செய்தவர் யார், எந்த ஊர், எந்தக் கூத்து அல்லது எந்தக் காடு என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அதை வில்லோடு சேர்த்து உலர்ந்த இடத்தில் வையுங்கள்.