எல்லை மலையிடுக்கும் கலைக்களஞ்சியப் பதிவும்: கிருஷ்ணாவின் நல்லமலைப் பகுதியை முன்வைத்து

துங்கபத்திரையைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே வரும் கிருஷ்ணா, நல்லமலைத் தொடரைக் குறுக்காக அறுத்துச் செல்கிறது. ஸ்ரீசைலத்துக்கும் நாகார்ஜுனசாகருக்கும் இடைப்பட்ட இந்த ஆழமான மலையிடுக்கின் இடக்கரை தெலங்கானாவின் நாகர்கர்னூல், நல்கொண்டா மாவட்டங்களைச் சேர்ந்தது. வலக்கரையில் ஆந்திரப் பிரதேசத்தின் நந்தியால், பல்நாடு உள்ளிட்ட மாவட்டங்கள் உள்ளன. ஹைதராபாத்திலிருந்து அம்ராபாத் காட்டைக் கடந்து, தோமலபெண்டாவுக்கு அப்பால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் பயணியின் கண்ணில் முதலில் படுவது அணைதான். நூல்களிலும் இடுக்குக்கு அதே கதிதான் நேர்கிறது. இரண்டு அணைகளைப் பற்றிய பதிவுகளுக்கு நடுவே அது கரைந்துபோகிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அத்தகைய பதிவைச் செம்மைப்படுத்துபவருக்குப் பிழையான தகவல்கள் தரும் தொல்லை குறைவு. காலமும் கரையும் குறிக்காமல் எழுதப்பட்ட சரியான தகவல்களே பெருந்தொல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

எல்லையிலிருந்தே தொடங்கலாம். 1839இல் கர்னூல் நவாபின் ஆட்சி முடிவுக்கு வந்தபின், வலக்கரை சென்னை மாகாணமாகவும் இடக்கரை நிஜாமின் ஹைதராபாத் அரசாகவும் இருந்தன. 1953இல் கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் உருவானபோதும் ஆறே எல்லை. 1956 நவம்பர் 1 அன்று இரு கரைகளும் ஒரே மாநிலத்துக்குள் வந்ததும் அந்த எல்லை வெறும் மாவட்டக் கோடாகச் சுருங்கியது. 2014 ஜூன் 2 அன்று மறுபடியும் மாநில எல்லையாயிற்று. ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம் இடுக்கின் நடுவே புதுக் கோடு எதையும் கிழிக்கவில்லை. தெலங்கானாவுக்குச் சேரும் மாவட்டங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது, மகபூப்நகருக்கும் நல்கொண்டாவுக்கும் ஏற்கெனவே இருந்த தென் எல்லை மாநில எல்லையாக உயர்ந்தது, அவ்வளவே. ஆகவே ‘2014இல் உருவான எல்லை’ என்று எழுதுவதும் ‘தொன்றுதொட்டு வரும் எல்லை’ என்று எழுதுவதும் ஒரே அளவுக்குப் பிசகு. மாவட்டப் பெயர்களும் நிலையாக நிற்பதில்லை. நாகர்கர்னூல் 2016இல் பிறந்தது. நந்தியாலும் பல்நாடும் 2022இல். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் ஸ்ரீசைலம் அணை நிரம்புவதற்கு முன்பே அச்சேறிவிட்டன. அக்காலத்து நூலொன்றில் அணை இல்லையே என்று குறை சொல்வதில் பொருளில்லை. அந்நூலின் வரியை ஆண்டு குறிக்காமல் இன்றைய பதிவில் எடுத்து ஒட்டுபவரே பிழை செய்கிறார்.

இடுக்கின் ஆழம் இதைவிடச் சிக்கலானது. பாறை உறுதியானது, பழமையான கடப்பைப் பாறைத் தொகுதியைச் சேர்ந்த ஸ்ரீசைலம் குவார்ட்சைட்டை ஆறு அரித்து வழி கண்டிருக்கிறது. ஆனால் ஆழத்தை எதிலிருந்து எதுவரை அளப்பது? மேலணையின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 885 அடி. கீழணையினது 590 அடி. இரண்டும் நிறைந்திருக்கும் நாளில் அணைக்கு மேற்புற நீர்ப்பரப்புக்கும் கீழ்ப்புற நீர்ப்பரப்புக்கும் இடையே 295 அடி வேறுபாடு. நாகார்ஜுனசாகரின் பின்நீர் ஸ்ரீசைலம் அணையடி நோக்கி ஏறி நிற்பதால், இடுக்கின் அடித்தளம் எனப் பார்வையாளர் காண்பது ஆற்றுப்படுகையன்று, ஒரு நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பு. ஸ்ரீசைலத்தின் இடக்கரை நிலத்தடி மின் நிலையத்திலுள்ள ஆறு 150 மெகாவாட் எந்திரங்களும் நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கவும், கீழிருந்து மேலே ஏற்றவும் வல்லவை என்பது இந்த அமைப்பின் விளைவே. கோடையில் மட்டம் தாழும்போது காட்சியே மாறிவிடும். அணைக்கு மேலே, ஆண்டின் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கும் சங்கமேசுவரம் கோயில் அப்போது தலைகாட்டுகிறது. எனவே ஆழத்துக்கு ஒற்றை எண் தரும் பதிவு, அது எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்று சொல்லாவிட்டால், எதையும் சொல்லாததற்குச் சமம்.

ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவிலும் இதே கதை. ஒரு நூல் 308 டி.எம்.சி. என்கிறது, இன்னொன்று ஏறத்தாழ 216 என்கிறது. அவசரக்காரத் திருத்துநர் ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்வார். உண்மையில் முன்னது தொடக்கக் கொள்ளளவு. பின்னது வண்டல் படிந்தபின் நடந்த அளவீட்டில் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் வண்டலின் வரலாறே வெளிப்பட்டுவிடும்.

கிருஷ்ணா நீர்ப் பங்கீட்டுத் தகராறுகள் பற்றிய பகுதியில் சொல்தேர்வுக்கு எடை அதிகம். பச்சாவத் நடுவர் மன்றம் ஒன்றுபட்ட ஆந்திரத்துக்கு ஒதுக்கியது 811 டி.எம்.சி. அதை ஆந்திரத்துக்கு 512, தெலங்கானாவுக்கு 299 எனப் பிரித்தது 2015இல் செய்துகொண்ட தற்காலிக ஏற்பாடு. ‘தற்காலிக’ என்ற சொல் விடுபட்டாலே பதிவு ஒரு கரைக்குச் சாய்ந்துவிடுகிறது. 2023 நவம்பர் 30 அன்று, தெலங்கானாவில் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில், நாகார்ஜுனசாகரின் 26 மதகுகளில் 13ஐ ஆந்திரக் காவல் துறையினர் தம் வசம் கொண்டுவந்தனர். இதை ‘மீட்பு’ என்றும் ‘ஆக்கிரமிப்பு’ என்றும் இரு தரப்பும் எழுதலாம். கலைக்களஞ்சியத்துக்கு நாள், எண்ணிக்கை, அதன்பின் மத்திய ரிசர்வ் காவல் படை அணைக்கு வந்த செய்தி ஆகியவை போதும்.

நீர் இத்தனை இடத்தைப் பிடித்துக்கொள்வதால் காடும் மனிதரும் ஓரம் கட்டப்படுகின்றனர். மாநிலப் பிரிவினைக்குப் பின் நாகார்ஜுனசாகர்–ஸ்ரீசைலம் புலிகள் காப்பகத்தின் வடபகுதி அம்ராபாத் காப்பகம் எனத் தனியாயிற்று. புலிகளுக்கு இரண்டும் ஒரே காடுதான். இரு கரைகளிலும் வாழும் செஞ்சு மக்களைப் பற்றி, தேனெடுப்போர் என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது பழைய கெசட்டியர் வழக்கம், அதைத் தொடர வேண்டியதில்லை. நல்லமலையில் யுரேனியம் எடுப்பதை எதிர்த்துத் தெலங்கானா சட்டமன்றம் 2019 செப்டம்பரில் நிறைவேற்றிய தீர்மானமும் இப்பகுதியிலேயே இடம்பெற வேண்டியது. நீரில் மூழ்கியவற்றில் நாகார்ஜுனகொண்டா மட்டும் எல்லா நூல்களிலும் விரிவாக வருகிறது. 1954 முதல் 1960 வரை ஆர். சுப்பிரமணியம் தலைமையில் அகழ்ந்த இக்ஷ்வாகு தலைநகரம் அது, அதற்குத் தகுதியானதும்கூட. ஆனால் ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர்ந்த ஊர்களும், கூடவெல்லியிலிருந்து பெயர்த்தெடுத்து ஆலம்பூரில் மறுபடி எழுப்பிய சங்கமேசுவரர் கோயிலும் அதே பத்தியில் வர வேண்டும்.

தமிழ்ப் பதிவுக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஸ்ரீசைலம் தேவார மூவரும் பாடிய திருப்பருப்பதம். அப்பெயரில் தேடி வரும் வாசகரை இடுக்கின் பதிவுக்கு அழைத்துவரும் குறுக்குக் குறிப்பு வேண்டும். தலவரலாறு கோயிலின் பதிவிலேயே இருக்கட்டும். நிலப்படத்தில் எல்லைக் கோட்டோடு, இரு நீர்த்தேக்கங்களும் எந்த மட்டத்தில் இருக்கையில் அது வரையப்பட்டது என்பதையும், மாவட்டப் பெயர்கள் எந்த ஆண்டுக்குரியவை என்பதையும் படத்தின் கீழேயே குறித்துவிடுவது நல்லது.