இந்திராயணிக் கரையில் கோடை

புனேயிலிருந்து லோணாவளா நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், சிஞ்ச்வட், ஆகுர்டி ஆகிய தொழில் ஊர்களைக் கடந்ததும் வருவது தேஹு ரோடு நிலையம். பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. தேஹு என்பது இங்கிருந்து சில கல் தொலைவில் இந்திராயணி ஆற்றங்கரையில் அமைந்த பழம்பதி. அப்பதிக்குச் செல்லும் சாலையின் பெயரே ஓர் ஊரின் பெயராகி நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே படைக்கலக் கிடங்குகள் எழுந்தன. மக்கள் அவற்றை இன்றும் 'டிப்போ' என்றே வழங்குகின்றனர். அவற்றைச் சார்ந்து பல மாநிலத்தாரும் வந்து குடியேறினர். தமிழரும் வந்தனர்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்ல வாய்த்தவர் செல்வர். வாய்க்காதவர் இங்கேயே இருப்பர். இருப்பவர் கூறும் குறை ஒன்றுண்டு. "நம் ஊரில் சித்திரை பிறந்தால் தேர் ஓடும், கூத்து நடக்கும், வில்லுப்பாட்டுக் கேட்கும். இங்கே நடப்பவை யாவும் அவர்களுடைய கலைகள். நமக்கென்று என்ன இருக்கிறது?" என்பர். இக்குறையில் உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை இல்லை. இந்தப் புனே வட்டாரத்தில் கோடைதோறும் ஒலிக்கும் கலைகளுள் இரண்டு, நெடுங்காலத்துக்கு முன்னரே காவிரிக் கரைக்குக் குடிபெயர்ந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்டவை. அவை சென்ற வழியைச் சற்று நோக்குவோம்.

மகாராட்டிரத்துச் சிற்றூர்களில் சைத்திரம், வைசாகம் ஆகிய இரு திங்களும் 'ஜத்ரா'க் காலம். அறுவடை முடிந்து வயல்கள் வெறிச்சோடிக் கிடக்கும். மழைக்கு நாள் இருக்கும். கையில் சிறிது பணமும் இருக்கும். ஊர்த் தெய்வத்தைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்வர். பகலில் மற்போர், இரவில் 'தமாஷா' எனும் கூத்து. புனேயிலிருந்து நாசிக் செல்லும் பெருவழியில் நாராயண்காவ் என்றோர் ஊர் உண்டு. கோடை தொடங்கியதும் தமாஷாக் குழுவினர் அங்கே கூடாரமடித்துத் தங்குவர். சுற்றுப்புறத்து ஊர்ப் பெரியோர் அங்கே வந்து, கூடாரம் கூடாரமாக விசாரித்து, பேரம் பேசி, தம் ஊர்த் திருவிழாவுக்கு எந்தக் குழு என்பதை உறுதி செய்துகொண்டு திரும்புவர். கலைக்கு இப்படி ஒரு சந்தை கூடுவதை நம் பக்கத்தில் காண்பது அரிது.

தமாஷா முதலில் விநாயகர் துதியுடன் தொடங்கும். அதற்குக் 'கண்' என்று பெயர். அடுத்து வருவது 'கவளண்': கண்ணன் தன் தோழருடன் ஆய்ச்சியரை வழிமறித்துக் குறும்பு செய்யும் பகுதி. பின்னர் லாவணிப் பாடலும் ஆடலும். இறுதியில் 'வக்' எனும் நாடகக் கதை. டோல்கி முழங்கும், ஒற்றை நரம்புடைய துந்துணே சுருதி கூட்டும். இடையிடையே புகுந்து அரசனையும் அதிகாரியையும் எள்ளி நகையாடும் கோமாளிக்குச் 'சோங்காட்யா' என்று பெயர். வடாற்காட்டுப் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு விடிய விடிய அமர்ந்து பாரதக் கூத்துப் பார்த்த எவரும் இவனைக் கண்டவுடன் அடையாளம் கண்டுகொள்வர். அங்கே கட்டியக்காரன், இங்கே சோங்காட்யா. மொழி தெரியாதவரும் இவனுடைய பேச்சுக்குச் சிரிக்கலாம்; ஏனெனில் இவன் யாரைப் பழிக்கிறான் என்பது பார்வையாலேயே விளங்கிவிடும்.

இக்கலையைப் போற்றிய சமூகம் இதனை ஆடியவரைப் போற்றியதா என்பது வேறு கேள்வி. தமாஷாவை வாழ்வித்தவர் பெரும்பாலும் மகார், மாங், கோல்ஹாட்டி முதலிய ஒடுக்கப்பட்ட குலத்தினர். நாராயண்காவ் ஊரின் பெயரையே தம் பெயருடன் தாங்கிய விட்டாபாய், 1935-இல் பிறந்து 2002-இல் மறைந்தவர், குடியரசுத் தலைவரின் விருது பெற்ற பெருங்கலைஞர். நிறைமாதக் கர்ப்பிணியாய் ஆடிக்கொண்டிருந்தபோது நோவு கண்டு, மேடைக்குப் பின்னே சென்று மகவு ஈன்று, மீண்டும் ஆட வந்து நின்றார் என்று அவரைப் பற்றிச் சொல்வர். அத்தகையவரும் முதுமையில் வறுமையைக் கண்டார். நம் நாட்டிலும் சதிர் ஆடியவருக்கு நேர்ந்தது இதுவே ஆதலின், நாம் அவர்களைக் குறை கூற வழியில்லை.

லாவணிக்கு வருவோம். பேஷ்வாக்களின் பிற்காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும், இப்பாடல் வகை செழித்தது. சோலாப்பூர் அந்தணரான ராம் ஜோஷி ஆசாரத்தை விடுத்துத் தமாஷாக்காரருடன் சேர்ந்து லாவணி புனைந்தார்; ஆயர் குலத்து ஹோனாஜியும் அவ்வாறே புகழ் பெற்றார். லாவணி பாடுவோர் இரு கட்சியாகப் பிரிந்து வாதம் செய்வதும் உண்டு. ஒரு கட்சிக்கு 'கல்கி' என்று பெயர், மற்றொன்றுக்கு 'துரா'. (நம் கல்கி என எண்ணிவிட வேண்டா, இது தலைப்பாகையில் செருகும் அணியின் பெயர்.) சக்தியே பெரிது என்பர் கல்கிக் கட்சியார், சிவமே பெரிது என்பர் துராக் கட்சியார். கேள்வியைப் பாட்டிலே தொடுப்பர். விடையையும் பாட்டிலேயே இறுக்க வேண்டும். விடை தெரியாதவன் தோற்றான்.

இப்போது தஞ்சைக்குச் செல்வோம். மாசித் திங்களில், வடநாட்டார் ஹோலி கொண்டாடும் அதே பௌர்ணமியை ஒட்டி, தஞ்சை வட்டாரத்து ஊர்களில் காமன் பண்டிகை நடைபெறும். அங்கே இருவர் எதிரெதிரே அமர்ந்து, டேப்பு எனும் பறையைத் தட்டி, துந்தினா மீட்டி, வாதுக்குப் பாடுவர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மற்றொரு கட்சி. 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது இதிலிருந்து வந்ததே. இப்பாட்டுக்கு அங்கே பெயர் என்ன? லாவணி. கருவி அதே துந்துணே. முறை அதே கட்சிப் பாட்டு. பொருளும் மொழியும் மட்டும் தமிழ். காவிரிக் கரையில் இதனைக் கேட்டு வளர்ந்தவருள் எத்தனை பேர் இது மராத்திய நாட்டிலிருந்து வந்தது என்பதை அறிவர்?

வந்த வரலாறு இது. சத்திரபதி சிவாஜியின் தம்பியாகிய ஏகோஜி, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையைக் கைப்பற்றினார். 1855 வரை அவர் மரபினர் அங்கே வீற்றிருந்தனர். அரசருடன் படைவீரர், கணக்கர், புலவர், சமையற்காரர், பாடகர் எனப் பலரும் குடியேறினர். சிந்தித்துப் பார்த்தால், அவர்களும் இன்றைய தேஹு ரோட்டுத் தமிழரைப் போல வேலையின் பொருட்டு வேற்றுமொழி நாட்டுக்கு வந்தவர்களே. அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது என்பது பெரிய வேறுபாடுதான். அதனை மறைக்க வேண்டா. ஆயினும், தாய்மொழிக் கலையை அயல்மண்ணில் என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கும் எழுந்தது.

இரண்டு விதமாக அவர்கள் விடை கண்டனர். முதலாவது அரண்மனை வழி. 1684 முதல் ஆண்ட ஷாஹாஜி மன்னர் தெலுங்கிலும் மராத்தியிலும் நாடகங்கள் இயற்றினார். 'பஞ்சபாஷா விலாசம்' எனும் அவருடைய நாடகத்தில் ஐந்து மொழிகள் கலந்து பேசப்படுகின்றன. தமிழும் அவற்றுள் ஒன்று. மகாராட்டிரத்தில் மராத்தி நாடகத்தின் தொடக்கம் என்று கொண்டாடப்படுவது, சாங்கலியில் விஷ்ணுதாஸ் பாவே 1843-இல் அரங்கேற்றிய 'சீதா சுயம்வர்'. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே தஞ்சையில் மராத்தி நாடகங்கள் தோன்றிவிட்டன. ஆனால் என்ன பயன்? அரண்மனை மங்கியதும் அவை சரசுவதி மகால் நூல்நிலையத்தின் சுவடிகளாய் உறங்கின. ஆய்வாளர் எடுத்துப் பதிப்பித்த பின்னரே மராத்தியருக்கும் அவை தெரியவந்தன.

இரண்டாவது, தெருவின் வழி. லாவணி அவ்வழியே சென்றது. மராத்தியை விட்டுத் தமிழை ஏற்றது. காமன் கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டது. அரசு போயும் லாவணி போகவில்லை.

கீர்த்தனத்தின் கதை இதனினும் சுவையானது. தேஹு ரோட்டில் ஏதேனும் ஒரு கோயிலில் கீர்த்தனம் நடக்கக் கண்டிருப்பீர்கள். கீர்த்தனகாரர் நின்றுகொண்டே பேசுவார், பாடுவார், அழுவார், சிரிக்கவைப்பார். நாரத சம்பிரதாயக் கீர்த்தனத்தில் இரு பகுதிகள் உண்டு. முதற்பகுதியில் ஓர் அபங்கத்தையோ தத்துவத்தையோ விரித்துரைப்பர். பிற்பகுதியில் அதற்கு ஏற்ற கதையைச் சொல்வர். இந்த முறையில் வல்லவரான ராமசந்திர பாவா என்பவர் 1860-களில் தஞ்சைக்கு வந்து, சில காலம் தங்கிக் கதை நிகழ்த்தினார். அவர் ஊர் மோர்காவ். கணபதி கோயிலால் புகழ் பெற்ற, இதே புனே மாவட்டத்து ஊர். சாகி, திண்டி, ஓவி எனும் மராத்தி மெட்டுகளும், தாளக்கட்டையின் ஒலியும், பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவும் விரைவும் தஞ்சையாரை மயக்கின.

மயங்கியவருள் ஒருவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். அவர் மராத்தியைக் கற்றார், முறையைக் கற்றார், பின்னர் அதனைத் தமிழுக்கு மாற்றினார். மராத்தி மெட்டிலே தமிழ்ச் சொல்லை அமைத்தார். கர்நாடக இசையை இடையே பெய்தார். மிருதங்கம் வாசித்தவர் மராத்திய மரபினரான நாராயணசாமி அப்பா. இவ்வாறு பிறந்ததே நாம் 'கதாகாலட்சேபம்' என்றும் 'அரிகதை' என்றும் போற்றும் கலை. பெண்கள் இதனை நிகழ்த்தலாகாது என்ற எதிர்ப்பைத் தாண்டி மேடையேறிய சி. சரஸ்வதி பாய் வரை அந்த மரபு ஓங்கி வளர்ந்தது. நந்தனார் சரித்திரத்தை அரிகதையாகக் கேட்டுக் கண்ணீர் வடித்த நம் பாட்டனார், அதன் நடை புனேப் பக்கத்திலிருந்து வந்தது என்று எண்ணியிரார். எண்ண வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. அது அவருடையதாகவே ஆகிவிட்டிருந்தது.

தேஹு ரோட்டுக் கோடையில் மற்றொரு நாளையும் சொல்லாமல் விடலாகாது. நம் புத்தாண்டு பெரும்பாலும் ஏப்ரல் 14-இல் பிறக்கும். அன்றே டாக்டர் அம்பேத்கரின் பிறந்த நாள். தேஹு ரோட்டில் அவரே 1954 டிசம்பர் 25-இல் புத்தர் சிலையை நிறுவினார் ஆதலின், இவ்வூர் மக்களுக்கு அந்நாள் தனிச் சிறப்புடையது. அன்று கேட்கும் 'பீம கீதங்'களின் வேரும் தமாஷாவில்தான் இருக்கிறது. 1930-களில் பீம்ராவ் கர்டக் முதலியோர் தமாஷாவின் அமைப்பை எடுத்து, சிருங்காரத்தை விலக்கி, சமத்துவத்தைப் பாடும் 'ஜல்ஸா'வாக மாற்றினர். பின்னர் வாமன்தாதா கர்டக் ஊர் ஊராய்ச் சென்று பாடினார். பழைய கலைக்குப் புதிய பொருள் தந்து வாழ்வித்த வகையில் இதுவும் கிருஷ்ண பாகவதர் செய்தது போன்றதே. நோக்கம் மட்டும் வேறு.

கோடை முடியும் தறுவாயில், ஆனித் திங்களை ஒட்டி, தேஹுவில் பல்லக்கு புறப்படும். துக்காராம் 1608-இல் இங்கே பிறந்தார், மளிகை வணிகம் செய்து நொடித்தார், பஞ்சத்தில் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தார், விட்டலனைப் பாடினார். அவர் பாடல்களை இந்திராயணியில் எறியச் செய்தனர் என்றும், பதின்மூன்று நாட்களுக்குப் பின் அவை நனையாமல் மிதந்து வந்தன என்றும் அடியார் கூறுவர். அவருடைய மகன் நாராயண மகராஜ் 1685-இல் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்துப் பண்டரிபுரத்துக்கு எடுத்துச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கினார்.

துக்காராமும் தமிழருக்குப் புதியவர் அல்லர். மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்தளித்த பஜனை முறையில் அபங்கங்களுக்கு இடம் உண்டு. பொருள் தெரியாமலேயே மார்கழி விடியலில் அவற்றைப் பாடிய தமிழர் பலர். 1936-இல் புனேயின் பிரபாத் நிறுவனம் 'சந்த் துக்காராம்' படத்தை எடுத்து, அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவிலும் சிறப்புப் பெற்றது. 1938-இல் தமிழிலும் துக்காராம் படம் வந்தது. வேடமேற்றவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். அவர் நடித்த ஒரே படம் அதுவாகும். இந்திராயணிக் கரை மளிகைக்காரர், காவிரிக் கரை வித்துவானின் குரலில் தமிழ் பாடினார்.

பல்லக்கு முதல் நாள் தேஹுவிலேயே இனாம்தார் வாடாவில் தங்கும். மறுநாள் காலை புறப்பட்டு, ஆகுர்டிக்குச் செல்லும் வழியில் தேஹு ரோட்டைக் கடக்கும். திண்டி திண்டியாக வருவோர் கையில் தாளமும், தோளில் பக்வாஜும், பெண்கள் தலையில் துளசி மாடமும் இருக்கும். சாலையின் இருமருங்கும் நின்று தண்ணீரும் தேநீரும் தருவோருள் தமிழ் பேசுவோரும் உண்டு. அன்று சற்று முன்னதாகவே சென்று நின்று, காதை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மெட்டு ஒன்று எங்கேயோ கேட்டதுபோல் இருக்கும்.